பந்து வராத பக்கம் ஓடுகிறவனுக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை காலை போனில் "வரவாப்பா, இருக்கவாப்பா?" என்று கேட்டாய். நான் "யோசிச்சுச் சொல்றேன்" என்று ரிசீவரை வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. யோசிப்பது எப்போது என் தொழிலாக இருந்தது? ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ் மேனேஜராக உட்கார்ந்திருக்கிறவன் நான். ரூம் இருக்கிறது, ரூம் இல்லை. சுடுதண்ணீர் வரும், வராது. நான் எடுக்கிற முடிவுகள் இந்த அளவில்தான். உன் கேள்விக்கு இதில் எதுவும் பொருந்தவில்லை. போனில் பேசினால் வாசலில் தேனி பஸ்காரன் அடிக்கிற ஹாரனுக்கு மேலே நான் கத்த வேண்டியிருக்கிறது. கத்திச் சொன்னால் எதுவும் அதட்டல் மாதிரிதான் கேட்கும். அதனால் எழுத உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்பை ஆற அமர இரண்டு முறை படித்தவன் எழுதுவது. பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

உன் நிலைமையை நான் புரிந்துகொண்டது சரிதானா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் உனக்கு இங்கே மதுரையிலேயே ஒரு அரசாங்க ஆபீஸில் வேலை வந்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். வாரக் கடைசியில் ஆபீஸ் டீமுக்கு ஆடலாம். இன்னொரு பக்கம், நீ ஒரு பருவம் முழுக்க இருந்த கல்கத்தா கிளப், கடைசி இடத்தில் முடிந்து, நாடு முழுக்க நடக்கிற அந்தப் பெரிய லீக்கிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. பேர் எடுத்த ஆட்டக்காரர்கள் எல்லாம் வேறு கிளப்புக்குப் போய்விடுவார்கள், நீ இருந்தால் உனக்கு இடம் கிடைக்கும் என்று உங்கள் பயிற்சியாளர் சொன்னாராம். "கிடைக்கும்னாரா, கிடைக்கலாம்னாரா? அதக் கேட்டீங்களா?" என்றாள் உன் அம்மா. கேட்கவில்லை. "அப்ப யோசிக்க என்ன இருக்கு? வரச் சொல்லுங்க" என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் பதில் அவ்வளவு வேகமாக வந்தது. என் பதில் இந்தக் காகிதத்தில் எங்கோ முன்னால் நடந்து போய்க்கொண்டிருக்கிறது. நான் பின்னாலேயே வருகிறேன். கூடவே வா.

உனக்கும் பந்துக்கும் எப்படிச் சேர்ந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. மதுரையில் பிறந்தவன் கபடி ஆடுவான், கிரிக்கெட் ஆடுவான், தை மாதம் மாட்டுக்குப் பின்னால் ஓடுவான். நீ பேரையூர்ப் பக்கம் உன் அம்மா ஊருக்குக் கோடை விடுமுறைக்குப் போய்வந்து, கால் பெருவிரலில் நகம் இல்லாமல் நின்றாய். அங்கே கண்மாய் வற்றிக் கிடந்தது. வெடித்த களிமண் தரையில், கருவேலங்கொப்பு இரண்டை நட்டு வைத்து, யாரோ ஒரு வாத்தியார் வாங்கிக் கொடுத்த பந்தை ஊர்ப் பையன்கள் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண்மாய் பெரும்பாலும் வற்றியேதான் இருக்கும் என்பதால் உங்களுக்கு நிரந்தர மைதானம். ஒரு வருஷம் மட்டும் மழை கொட்டி அது நிரம்பிவிட்டது. ஊரே சந்தோஷத்தில் இருக்க, நீ மட்டும் கரையில் உட்கார்ந்து தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தாய். உன் மாமன் வந்து, "மாப்ள, இம்புட்டுத் தண்ணியும் வத்த ரொம்ப நாளாகும். அதுவரைக்கும் நீச்சல் பழகு" என்று சொன்னதும், நீ அழுததும் இன்னமும் அந்த ஊரில் சொல்லிச் சிரிக்கிற கதை. நான் கூடச் சிரித்தேன். உழவு பார்க்கிற சம்சாரி வீட்டில் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட ஒரே பேரன் நீதான்.

பிறகு பள்ளிக்கூடம், கல்லூரி, மாவட்டம், சென்னை லீக் என்று நீ போய்க்கொண்டே இருந்தாய். நான் பின்னால் சான்றிதழ்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். நீ ஆடுவது லெஃப்ட் பேக் என்று தெரிந்தபோது, ஏதோ தப்புப் பண்ணியதால் பின்னால் நிற்க வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். "கோலே போடாதவனுக்கு எதுக்குடா இம்புட்டு விலையில பூட்ஸு?" என்று நான் கேட்டதற்கு நீ லேஸை இழுத்துக் கட்டினாய். அந்த இழுப்பிலேயே பதில் இருந்தது.

கல்கத்தாவிலிருந்து அழைப்பு வந்ததும் நம் ஊர் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ், கருமாதிக்கும் ஃப்ளெக்ஸ் என்று இருக்கிற ஊரில் உனக்கு மட்டும் வைக்காமல் விடுவார்களா? நம் தெரு முக்கில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிற பாண்டி ஓடி வந்தான். "அண்ணே, நம்ம தம்பிக்கு நான் வைக்கிறேன். நீங்க காசப் பத்திப் பேசக் கூடாது" என்றான். "டே, அவன் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடலடா. ஆடட்டும், அப்புறம் வைப்போம்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஆடுனதுக்கு அப்புறம் யாருண்ணே வைப்பா? கல்யாணம் முடிஞ்சா கல்யாண போர்டு வைக்கிறாக?" நம் ஊரில் நடக்கப் போவதற்குத்தான் பேனர். நடந்துவிட்டால் அது பழைய சமாச்சாரம்.

நீ பந்தோடு இருக்கிற நல்ல போட்டோ ஒன்றும் வீட்டில் இல்லை. கல்லூரி அடையாள அட்டையில் இருந்த உன் முகத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரன் உடம்பில் பாண்டி ஒட்டிவிட்டான். "தென்னகத்தின் இடிமுழக்கம், வங்கத்தில் களமிறங்குகிறது" என்று எழுதி, கீழே நம் தெருக்காரர்கள் போட்டோக்களை வரிசையாகப் போட்டு, லாட்ஜுக்கு எதிரே கட்டிவிட்டார்கள். உன் அம்மா வந்து நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "மூஞ்சி எம் மகன். காலு யாரு மகன்?" என்று கேட்டாள். பாண்டி, "அது வெளிநாட்டுக் காலுக்கா, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றான். நீ அப்போதே ரயிலேறிப் போய்விட்டிருந்தாய். போனில் இதைச் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. "எதுக்குப்பா இதெல்லாம்?" என்று மட்டும் கேட்டாய். அந்தக் குரலில் இருந்த பயத்தை நான் அன்றைக்குக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

டிசம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. லாட்ஜ் வரவேற்பறையில் இருக்கும் அந்த டி.வி.யை நீ பார்த்திருக்கிறாய். அதில் சிவப்பு நிறம் என்றோ செத்துவிட்டது. மிச்சம் இருப்பது பச்சைதான். செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம்கூட வாழையிலை மாதிரி இருக்கும். ஆனால் கால்பந்துக்கு அதைவிட நல்ல டி.வி. உலகத்தில் கிடையாது. மைதானம் பெட்டிக்குள் அடங்காமல் வழிந்து, மொசைக் தரை, மேஜைக் கண்ணாடி, சாவிகள் தொங்குகிற பலகை எல்லாவற்றின் மேலும் பச்சையாகப் படர்ந்துவிடும். பிற்பகல் உறக்கத்தில் இருந்து எழுந்து பனியனோடு இறங்கி வருகிற ஆட்கள் அந்த வெளிச்சத்துக்குள் கால் வைக்கும்போது, ஏதோ வயலுக்குள் இறங்குவது போல ஒரு கணம் தயங்குவார்கள். எனக்கு மட்டும் அப்படித் தோன்றியதோ என்னவோ.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. டிசம்பரில் கல்கத்தாவில் சீக்கிரமே பொழுது இறங்கிவிடுகிறது. இரண்டாவது பாதி நடக்கும்போது அங்கே வானம் ஊதாவாகி, மைதானத்தில் பனி மாதிரி ஏதோ இறங்க ஆரம்பித்துவிடும். இங்கே வாசலில் வெயில் இன்னும் பஸ்ஸின் கண்ணாடியில் அடித்துக் கண்ணைக் கூச வைக்கும். திண்டுக்கல், திண்டுக்கல் என்று கத்துகிறவன் நெற்றியில் வேர்வை. ஒரே நாட்டில், ஒரே நேரத்தில், மகன் இருக்கிற இடத்தில் அந்தி, அப்பன் இருக்கிற இடத்தில் வெயில். நான் அந்தப் பெட்டியைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருப்பேன். பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் இதை எனக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நீ அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஏறியது.

உட்கார்ந்த பிறகு என்று எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள், ஆனால் அதுதானே நடந்தது. முதல் ஆட்டத்துக்கு ஏறக்குறைய லாட்ஜே கீழே இறங்கி வந்திருந்தது. ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்தார்கள், நீ இல்லை. "எங்கண்ணே உங்க மகன்?" என்று கேட்டவர் போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரத்துக்கு அடிக்கடி வந்து தங்குகிறவர். "பின்னாடி வருவான்" என்றேன். லெஃப்ட் பேக் என்றால் பின்னால்தானே. வெகுநேரம் கழித்து, கேமரா மைதானத்தின் ஓரமாகப் போனபோது, கோட்டுக்கு வெளியே ஒரு கூரைக்குக் கீழே மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் உன் முகம் வந்து, போனது. "இந்தா, இதான், இதான்" என்று நான் எழுந்து நின்று கையை நீட்டுவதற்குள் அங்கே வேறு யாரோ வந்துவிட்டார்கள். போடிக்காரர் நான் காட்டிய ஆளைப் பார்த்துவிட்டு, "நல்ல தாடி வச்சிருக்காரு" என்றார்.

அதற்குப் பிறகு உங்கள் கிளப் ஆடுகிற ஆட்டங்களில் எனக்குப் பந்து எங்கே போகிறது என்பதே தெரியாமல் போயிற்று. எல்லோரும் மைதானத்தின் நடுவைப் பார்க்க, நான் பெட்டியின் ஓரத்தைப் பார்ப்பேன். பந்து வெளியே போனால் மட்டும் எனக்குச் சந்தோஷம்; கேமரா உன் பக்கம் திரும்பும். கோல் விழுந்தாலும் பரவாயில்லை, பெஞ்சைக் காட்டுவார்கள். உங்கள் கிளப் நிறையக் கோல் வாங்கியது, ஆகவே நான் உன்னை நிறையப் பார்த்தேன். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நல்ல வேளை, லாட்ஜ் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இந்த வாரம் என் கதையைக் கேட்டவர்கள் அடுத்த வாரம் இருக்க மாட்டார்கள். என் மானம் போனாலும் அவர்களோடு காலையில் ரூமைக் காலி செய்துகொண்டு போய்விடும். புதிய ஆட்களிடம் புதிதாக ஆரம்பிப்பேன்: எம் மகன் இந்த டீமுலதான் இருக்கான். ஆனால் போடிக்காரர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். பையைக் கீழே வைக்கும் முன்னாலேயே கேட்பார்: "என்னண்ணே, தம்பி எந்திரிச்சுட்டாரா?" நான் சாவியை எடுத்துக் கொடுப்பேன். "இன்னும் உக்காந்துதான் இருக்காரா? சரி, சரி. நின்னா கால் வலிக்கும்ல." அவர் கேலியில் விஷம் கிடையாது. ஒரு தடவை ரூமுக்குப் போகாமல் நின்று, "நானும் பாத்துட்டேண்ணே, உங்க மகன் மட்டும் குனிஞ்சே உக்காந்திருக்காரு, எந்திரிக்கப் போற ஆளு மாதிரி" என்றார். அவர் சொன்ன பிறகுதான் நானும் கவனித்தேன். மற்றவர்கள் சாய்ந்து, பூட்ஸ் லேஸைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் லேஸ் ஒரு நாளும் தளர்ந்து நான் பார்க்கவில்லை.

மாசி வெயிலில் ஒரு நாள் நான் உன் அம்மாவிடம் மாட்டிக்கொண்ட கதையை உனக்கு இதுவரை சொல்லவில்லை. அன்றைக்கு லாட்ஜில் ஆளே இல்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சை மெல்ல மெல்லத் தரையில் ஏறி, மேஜைக்குக் கீழே வந்து, என் காலில் குளிர்ச்சியாகப் பட்டது. குனிந்து பார்த்தால் புல். வாசலைத் தாண்டியும் புல்; பஸ் ஸ்டாண்டு முழுக்கப் புல். பஸ்கள் எல்லாம் சத்தமே இல்லாமல் புல்லின் மேல் போய்க்கொண்டிருந்தன. கண்டக்டர்கள் வாயைத் திறக்கிறார்கள், குரல் வரவில்லை. நீ அந்தப் பஸ்களுக்கு நடுவே பந்தை எடுத்துக்கொண்டு, யார் மேலும் இடிக்காமல், அவசரமே இல்லாமல் வந்தாய். உன் பின்னால் திருமங்கலம் தாண்டி பேரையூர் வரைக்கும் சமவெளி பச்சையாகக் கிடப்பது எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. நீ என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல் ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனாய். அவ்வளவுதான்.

விழித்தபோது ஆட்டம் முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. போனை எடுத்து உன் அம்மாவிடம், "இன்னைக்கு எறக்கிட்டாங்க, நல்லா ஆடுனான்" என்று சொல்லிவிட்டேன். அவள் அண்டை வீட்டில் சொன்னாள், உன் மாமனுக்குச் சொன்னாள், பாண்டி தெருவுக்கே மிட்டாய் கொடுத்தான். மறுநாள் பேப்பரில் யார் யார் இறங்கினார்கள் என்று போட்டிருந்ததில் உன் பெயர் இல்லை. உன் அம்மா பேப்பரை மடித்து என் முன்னால் வைத்தாள். "தூங்குனீங்களா?" என்று கேட்டாள். "கொஞ்சம் கண்ணசந்தேன்." "கனவுல நல்லா ஆடுனானா?" "ரொம்ப நல்லா." அவள் கோபப்படவில்லை. "அந்த மட்டுக்கும் சரி" என்று காபியை வைத்துவிட்டுப் போனாள். மிட்டாய் வாங்கித் தின்றவர்களில் யாரும் திருப்பிக் கேட்கவில்லை என்பதை உன் ஆறுதலுக்காகச் சொல்கிறேன்.

அந்த மாதங்களில்தான் போனில் உன் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. சாப்டியா, சாப்டேன். தூங்குனியா, தூங்குனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயாகவே, "அந்த போர்ட எடுக்கச் சொல்லுங்கப்பா" என்றாய். நான் பாண்டியிடம் போய்ச் சொன்னேன். அவன் முகம் வாடிப்போய், "எடுத்தா, தம்பி தோத்துட்டாருன்னு ஆயிடும்ணே" என்றான். எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. நல்ல வேளையாகப் பங்குனியில் அடித்த ஒரு காற்று அதை எடுத்துக்கொண்டு போனது. மூங்கில் சட்டம் மட்டும் நின்றது. அதில் வேறு யாருடைய மகளுக்கோ பூப்புனித நீராட்டு விழா வந்தது. உன்னிடம் "எடுத்தாச்சு" என்று மட்டும் சொன்னேன். யார் எடுத்தார் என்று நீயும் கேட்கவில்லை.

லாட்ஜ் முதலாளியிடம் ஒரு நாள் புலம்பினேன். அவர் பட்டுநூல்காரர், சௌராஷ்டிரர். நம்மிடம் மதுரைத் தமிழ், போனில் வீட்டம்மாவிடம் அவர்கள் பாஷை. "பயலுக்கு அங்க பாஷையும் தெரியல, ஆட்டத்துலயும் எறக்கல, எதுக்கு முதலாளி அங்க கெடந்து கஷ்டப்படணும்?" என்றேன். கேட்டுவிட்டு, "கஷ்டமா இருக்குன்னு அவன் சொன்னானா, நீ சொல்றியாய்யா?" என்றார். பிறகு டி.வி.யைப் பார்த்து, "கரண்ட் பில் ஏறுது, ஆட்டம் முடிஞ்சா அணைச்சிரு" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனார். அவர் கேட்ட கேள்வி மட்டும் கீழேயே நின்றது. நீ சொன்னாயா? யோசித்துப் பார்த்தேன். நீ ஒரு நாளும் சொல்லவில்லை. போர்டைப் பற்றித்தான் சொன்னாய். எனக்குக் கஷ்டமாக இருப்பதை உன் கஷ்டமாக உன் கணக்கில் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இனி கடைசி ஆட்டம். ஜெயித்தால் பெரிய லீக்கில் இருப்பீர்கள், இல்லையென்றால் இறங்கிவிடுவீர்கள் என்று போடிக்காரரே எனக்கு விளக்கினார். இதற்காகவே ஒரு நாள் கூடுதலாகத் தங்கினார் என்று நினைக்கிறேன். கேட்டால் ஏலக்காய் விலை என்பார். அன்றைக்கு, பருவம் முழுக்க ஒரு நாளும் வராத உன் அம்மா லாட்ஜுக்கு வந்தாள். "எம் மகன் சும்மா உக்காந்திருக்கறத நான் எதுக்கு வந்து பாக்கணும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். எதற்கு வந்தாய் என்று நான் கேட்கவில்லை. என் மேஜைக்குப் பின்னால் என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் நின்றுகொண்டேன்.

பாதி ஆட்டம் போனபோது கல்கத்தாவில் வானம் கருத்து, காற்றும் மழையும் ஒன்றாக வந்தன. மைதானம் கண் எதிரே குளமாயிற்று. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். ஆட்டக்காரர்கள் எல்லாம் உள்ளே ஓடினார்கள். கேமராவுக்குக் காட்ட வேறு எதுவும் இல்லை. அப்போதுதான் அது உன்னிடம் வந்து நின்றது. நீயும் உங்கள் மாற்று கோல்கீப்பரான ஒரு மணிப்பூர்ப் பையனும் கோட்டுக்கு வெளியே மழையில் நின்று, தேங்கிய தண்ணீரில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தீர்கள். பந்து நகரவில்லை, தண்ணீர்தான் தெறித்தது. அவன் வழுக்கி விழுந்தான். நீ கையை நீட்டித் தூக்கப் போய் நீயும் விழுந்தாய். இரண்டு பேரும் எழுந்திருக்காமல் அந்தத் தண்ணீரிலேயே கிடந்து சிரித்தீர்கள். பெட்டியில் சத்தம் மழைச் சத்தம் மட்டும்தான். அந்தச் சிரிப்பு எங்களுக்குக் கேட்கவில்லை. பச்சை வெளிச்சம் உன் அம்மா முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "வீட்டுல இப்புடி இவன் சிரிச்சு நான் பாத்ததில்ல" என்றாள். வருத்தமா சந்தோஷமா என்று அவள் குரலில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மழை நின்று, தண்ணீரை வாரி இறைத்து, மறுபடி ஆட்டம் தொடங்கியது. ஆளுக்கு ஒரு கோல். நேரம் போய்க்கொண்டிருந்தது. உங்கள் லெஃப்ட் பேக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆள் மாற்றுகிற பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். நீ எழுந்து, சேறு பூசிய அந்த ஜெர்சியோடு கோட்டைத் தாண்டி உள்ளே போனாய். கனவாக இருந்தால் கலைந்துவிடுமே என்று போடிக்காரர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, வலிக்குது" என்றார். அப்படியானால் நிஜம்தான்.

நீ என்ன செய்தாய் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் இங்கிருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். உங்கள் ஆட்கள் பந்தை வலது பக்கமாகவே கொண்டுபோனார்கள். நீ இடது ஓரத்தில், யாருமே இல்லாத பக்கத்தில், பின்னாலிருந்து முன்னால் ஓடினாய். பந்து வரவில்லை. திரும்பி உன் இடத்துக்கு ஓடினாய். அடுத்த முறையும் முன்னால் ஓடினாய். அப்போதும் வரவில்லை. சேற்றில் கால் புதைந்து புதைந்து எழுந்தது. கேமராகூட உன்னை விட்டுவிட்டது. பெட்டியின் ஓரத்தில் மட்டும், போவதும் வருவதுமாக நீ தெரிந்தாய். ஓரத்தைப் பார்த்துப் பழகிய கண் என்பதால் எனக்குத் தெரிந்தது. போடிக்காரருக்கும் தெரிந்தது. அவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "பந்து வராத பக்கத்துக்கு எதுக்குண்ணே இவரு இம்புட்டுத் தடவ ஓடுறாரு?"

என் நாற்காலியிலிருந்து உன் அம்மா சொன்னாள்: "வந்தா இருக்கணும்ல."

அவள் அதற்குமுன் ஒரு முழு ஆட்டம் பார்த்ததில்லை, தம்பி. கடைசியில் ஒரே ஒரு முறை பந்து வந்தது. நீ அங்கே இருந்தாய். தூக்கி உள்ளே அடித்தாய். எதிரணி கோல்கீப்பர் தாவி இரண்டு கைகளாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். விசில் ஊதிவிட்டார்கள். ஆட்டம் சமம்; நீங்கள் இறங்கிவிட்டீர்கள். உங்கள் ஆட்களில் சிலர் தரையில் படுத்து அழுதார்கள். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், இன்னொரு தடவை ஓடலாமா என்பது போல. போடிக்காரர் தன் சாவியை எடுத்துக்கொண்டு மேலே போகும்போது, "எந்திரிச்சுட்டாருண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று சாயங்காலம் உன் அம்மாவிடம் மறுபடி பேசினேன். ஆபீஸ் வேலை நல்ல வேலைதான். நான் அந்த மாதிரி ஒரு மேஜைக்காக என் வயதில் எவ்வளவு அலைந்தேன் என்று அவளுக்குத் தெரியும். லாட்ஜில் கொஞ்ச நாள் இருந்து பார்ப்போம் என்று வந்தவன்தான் நான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. உட்கார்ந்தே பிழைத்த எனக்கு, உட்கார்வதில் இரண்டு விதம் உண்டு என்பது உன்னைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நீ வந்தால் தினமும் சாயங்காலம் நம் வீட்டு வாசலில் உன் செருப்பு கிடக்கும். எனக்கு அது வேண்டாம் என்று சொன்னால் பொய். அவளிடம் இதையெல்லாம் சொல்லி, "நீ என்ன சொல்ற?" என்றேன். "நான் வரச் சொல்லுங்கன்னுதான் சொல்வேன். சாகுற வரைக்கும் அதத்தான் சொல்வேன். அது அம்மா சொல்ற பதிலு. அவன் கேட்டது உங்களத்தான?" என்றாள்.

ஆமாம், என்னைத்தான் கேட்டாய். வேலையை ஏன் எடுக்கவில்லை என்று நாளைக்கு ஊர் கேட்டால் "அவங்கப்பன் பேச்சக் கேட்டுக் கெட்டான்" என்று என் மேல் போட்டுவிடு. என் மேல் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். ஒருவேளை அடுத்த வருஷமும் உன்னை உட்கார வைக்கலாம். இடம் "கிடைக்கும்" என்றாரா "கிடைக்கலாம்" என்றாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. உனக்கு அலுத்துப்போகிற அன்றைக்கு, என்னைக் கேட்காமலே ரயிலேறி வா. அது வேறு. ஆனால் எங்களுக்காக, போர்டுக்காக, போடிக்காரருக்காக வராதே.

இரண்டாம் பிரிவு ஆட்டங்களை டி.வி.யில் காட்ட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கேபிள்காரனிடமும் கேட்டுப் பார்த்தேன், அவன் சிரித்துவிட்டான். அப்படியென்றால் எனக்குப் பெட்டியின் ஓரமும் இல்லை. ஆகவே நீ வர வேண்டாம், தம்பி. நாங்கள் வாரோம். முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை என்பதால் அவருக்கு மறுக்கத் தெரியவில்லை. அம்மா இப்போதே உனக்கு என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள். ஸ்டேஷனுக்கு வந்து நிற்காதே, பயிற்சி இருக்கும். ஹவுராவில் இறங்கி உங்கள் மைதானத்துக்கு எப்படி வருவது, யாரிடம் என்ன சொல்லிக் கேட்பது என்று வங்காள பாஷையைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. வந்துவிட்டால், இடது ஓரத்தில் எங்காவது உட்கார்ந்துகொள்வோம்.

அப்பா